மூடியில் தெரிந்த ஃப்ரிட்ஜ்

வாணலி மூடியைக் கேமரா பக்கம் திரும்பாதபடி சாய்த்துப் பிடித்துத் துடைக்கிறாள். போன வாரம் 'சிக்கனச் சமையல்' வீடியோவில் இந்த மூடியில்தான் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜின் பிம்பம் விழுந்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் அதைச் சிவப்பு வட்டம் போட்டு உலகத்துக்கே காட்டிவிட்டான். 'லட்ச லட்சமா சம்பாதிச்சுக்கிட்டு ஏழை வேஷமா?' என்று கமெண்டுகள் இன்னும் வந்து விழுகின்றன. ஃப்ரிட்ஜ் இப்போது பழைய சேலைக்குள் இருக்கிறது. அடுப்பில் உருளைக்கிழங்கு அடிபிடிக்கிறது. ஸ்டூல்மேல் நின்று போனைப் பிடித்திருக்கும் கணவனுக்குக் கை கடுக்கிறது.

“கொஞ்சம் சிரிச்ச முகமா பேசேன்.”

“சிரிச்சா காசு பேசுதும்பாங்க. சிரிக்கலைன்னா நடிக்கிறாம்பாங்க. எந்த முகத்தை வெச்சுக்கிறது, நீங்களே சொல்லுங்க.”

“பேசாம அந்த ஃப்ரிட்ஜைத் திறந்தே காட்டிடு.”

“உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? திறந்து காட்டினா, அதுவும் செட்டு போட்டதும்பாங்க.”

அடுப்பை அணைக்கிறாள். சேலையை விலக்கி ஃப்ரிட்ஜைத் திறக்கிறாள். உள்ளே விளக்கு எரியவில்லை. மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்தபோது வேண்டாமென்று விட்டுப்போனது. இந்த வீட்டில் ஒரு நாளும் குளிர்ந்ததில்லை. மேல்தட்டில் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, கீழே போர்வைகள். துண்டு ஒன்றை உருவி முகத்தில் அழுத்திக்கொண்டு கதவின் மறைவில் சற்று நேரம் நிற்கிறாள். கணவன் போனைத் தாழ்த்திக்கொள்கிறான். பிறகு கதவைச் சாத்தி, சேலையை மறுபடி போர்த்துகிறாள், ஓரங்களை இழுத்துவிட்டு, ஒரு சுருக்கமும் இல்லாமல், உள்ளே விலையுயர்ந்தது ஏதோ இருப்பதுபோல.