நெஞ்சுக் காய்ப்பு

சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினான்.

லண்டனில் எல்லா அறையும் குளிர்தான். இதில் கொஞ்சம் கூடுதல்.

டொக்டர் வெள்ளைக்காரப் பெண். நரைத்த தலை. அவள் மேசையில் ஒரு தாள் கிடந்தது. அதில் ஓர் ஆள் அம்மணமாக நின்றான். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. முகம் கிடையாது. இவன் உடம்பில் காணும் தழும்பையெல்லாம் அந்த ஆளின் உடம்பில் அவள் குறித்துக்கொள்வாள்.

அதற்காகத்தான் லோயர் அனுப்பிவைத்தார். அகதி மனுவை ஒருமுறை தள்ளிவிட்டார்கள். இராணுவ முகாமில் சித்திரவதை என்கிறாய், சாட்சி எங்கே என்று கேட்டுத் தள்ளினார்கள். இனி மேல்முறையீடு. இந்த டொக்டர் எழுதுவதைத்தான் நீதிபதி பார்ப்பார். அதுவும் சரிவராவிட்டால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்.

இறங்கும் இடத்தில் யார் காத்து நிற்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

முகாமில் அவனுக்குப் போட்டது பை. பெட்ரோல் நனைத்த பொலித்தீன் பை. தலையில் மாட்டிக் கழுத்தில் இறுக்கிப் பிடிப்பார்கள்.

பை தோலில் ஒரு தழும்பையும் விட்டுப்போகாது.

டொக்டர் அவன் நெஞ்சைக் குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டாள்.

நடு நெஞ்சில் தோல் தடித்துக் கறுத்துக் கிடந்தது, நுகம் பட்ட மாட்டின் கழுத்து மாதிரி. முன்கைகளின் உட்பக்கமும் அப்படியே. காற்சட்டையைச் சுருட்டச் சொன்னாள். சுருட்டினான். கணுக்கால் இரண்டிலும் வளையம் போட்டதுபோலத் தழும்பு.

அவள் முகம் மாறியது. பேனையை எடுத்தாள்.

மொழிபெயர்க்க வந்திருந்தவர் சிவகுருநாதன். ஊரில் வாத்தியாராக இருந்தவர். வெளியே காத்திருந்தபோது நன்றாகத்தான் பேசினார். நீர் எந்த ஊர், எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலடி என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். இவன் ஊரைச் சொன்னான். குறிச்சியைச் சொல்லவில்லை. சொன்னால் சாதி தெரிந்துவிடும்.

இப்போது அவர் அந்த நெஞ்சைப் பார்த்தார். பிறகு யன்னலைப் பார்த்தார்.

பனை ஏறிய உடம்பு. வடமராட்சியில் பிறந்தவருக்கு அதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. குறிச்சியை இனிக் கேட்கவும் தேவையில்லை.

டொக்டர் என்னவோ கேட்டாள்.

"கயித்தாலை கட்டி வச்சவங்களோ எண்டு கேக்கிறா," என்றார். குரலை மாற்றாமல், முகத்தையும் மாற்றாமல், "ஓமெண்டு சொல்லு. இவவுக்குப் பனை தெரியாது," என்றார்.

நீர் போய் நீ வந்திருந்தது.

அவன் டொக்டரின் பேனையைப் பார்த்தான்.

அவர் சொன்னது கெட்ட புத்தி இல்லை. ஒரு ஓம். அவ்வளவுதான் செலவு.

அவன் ஓம் சொல்வதற்குள்ளேயே பேனை தாளில் இறங்கிவிட்டது. காகித ஆளின் நெஞ்சில் ஒரு வட்டம். கைகளில் கோடு. கணுக்கால்களில் கோடு.

பதினாறு வயதில் முதல் மரம். நெஞ்சுத் தோல் உரிந்து மரத்தோடு போனது. பெற்ற அப்பு சாம்பலை அள்ளி அப்பிவிட்டு அடுத்த மரத்தைக் காட்டினார். மூன்று தங்கைகள் அந்த நெஞ்சால்தான் சோறு தின்றார்கள்.

"மாஸ்டர்."

சிவகுருநாதன் திரும்பினார்.

"அவ கீறினதை வெட்டச் சொல்லுங்கோ. அது ஆமிக்காரங்கட வேலை இல்லை. என்ர வேலை."

"விசரே உனக்கு? கேஸ் துலைஞ்சு போகும்."

அவன் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். பயம் வரவில்லை. கோபமும் வரவில்லை. அவையெல்லாம் வந்து கனகாலம்.

டொக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிவகுருநாதன் சுருக்கமாக ஏதோ சொன்னார். அவளுக்குப் பிடிபடவில்லை. திரும்பவும் சொன்னார். திரும்பவும் பிடிபடவில்லை. ஏறுவதைச் செய்துகாட்ட அவருக்குக் கை எழும்பவில்லை.

அவனே எழுந்தான். இல்லாத மரத்தைக் கட்டிப்பிடித்தான். காலில் நார் மாட்டியதுபோல இரண்டு பாதங்களையும் ஒட்டிவைத்தான். நெஞ்சை முட்டுக்கொடுத்து ஒருதரம் உன்னினான்.

அவளுக்கு விளங்கிவிட்டது.

வட்டத்தை வெட்டினாள். கோடுகளை வெட்டினாள். பிறகு யோசித்துப் புதுத் தாள் ஒன்று எடுத்தாள். அதில் நின்ற ஆளின் உடம்பில் ஒரு கீறல் இல்லை.

வேறு தழும்பு உண்டா என்று கேட்டாள்.

இல்லை.

அவன் சட்டையைப் போட்டு முடித்த பிறகும் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே, தாள் நிறைய. தழும்பே இல்லாத ஆளைப் பற்றி எழுத இவ்வளவு என்ன இருக்கிறது என்று அவன் யோசிக்கவில்லை. யோசிக்கிற பழக்கம் விட்டுப்போயிருந்தது.

புறப்படும்போது எழுந்து வந்தாள். அவன் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தாள். சிவகுருநாதனைப் பார்க்கவில்லை. இவனையே பார்த்து, நிறுத்தி நிறுத்தி, நீளமாக என்னவோ சொன்னாள். எழுதிய தாளைத் தொட்டுக் காட்டினாள். பழைய தாளில் வெட்டிக்கிடந்த வட்டத்தையும் அவன் நெஞ்சையும் காட்டினாள். மறுபடியும் எழுதியதைக் காட்டினாள்.

அவன் சிவகுருநாதனின் வாயைப் பார்த்தான்.

"போகலாமாம்," என்றார் அவர்.

வெளியே தூறல். இருவருக்கும் ஒரே பஸ்.

சிவகுருநாதன் முன்னால் ஏறினார். யன்னலோரம் உட்கார்ந்தார். நனைந்த குடையைப் பக்கத்து இருக்கையில் நீட்டி வைத்தார்.

அவன் குடையைப் பார்த்தான்.

பிறகு கம்பியைப் பிடித்து மேல்தட்டுக்கு ஏறினான்.