வால் ஆடுதா?

டிரைவர் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்தில் நடக்க ஆரம்பித்தார்.

பின்னால் புல்தரையில் முட்டி போட்டு, தெர்மாகோல் விமானத்தின் இடுப்பைப் பிடித்தபடி அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிறுதோறும் பறக்கவிடும் முன் நடக்கிற சோதனை இது. ரிமோட்டின் சக்தியைக் குறைத்து வைத்துக்கொண்டு அவர் தள்ளித் தள்ளிப் போவார். அங்கங்கே நின்று, கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, ரிமோட்டின் குச்சியை அசைப்பார். விமானத்தின் வாலில் இருக்கும் மடல் ஆடினால் அவள் குரல் கொடுக்க வேண்டும். ஆடவில்லை என்றால் அன்றைக்கு விமானம் தரையைவிட்டுக் கிளம்பாது.

"வால் ஆடுதா?"

"ஆடுதுங்க!"

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வேலைதான் ஓய்வு பெற்றது, டிரைவர் என்ற பெயர் இன்னும் பணியில் இருந்தது.

அவருடைய கவலை வேறு. காரணம் ரிமோட் அல்ல, கண்.

இரண்டு கண்ணிலும் புரை. சில மாதங்களாக, மரங்களின் உயரத்தைத் தாண்டிவிட்டால் விமானம் அவருக்குத் தெரிவதில்லை. "இடது பக்கம் போகுது, திருப்புங்க" என்று அவள் போடும் சத்தத்தை நம்பித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அவளிடம் மூச்சு விடவில்லை. கண் மங்கினால் அன்றைக்கே விமானத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவேன் என்று அவள் எப்போதோ கறாராகச் சொல்லியிருந்தாள்.

விமானம் போனால் போகட்டும். அவருக்கு ஞாயிறு போய்விடக் கூடாது. வாரம் முழுக்க வீட்டில் இருவரும் ஆளுக்கொரு மூலை. சாப்பிட வாங்க, வரேன், அதோடு சரி. இங்கே மட்டும்தான் அவள் தொண்டை கிழியக் கத்துவாள், திட்டுவாள், கைகொட்டிச் சிரிப்பாள். கல்யாணமான புதிதில் இருந்தவள் இந்தப் புல்தரையில்தான் அவருக்கு மிச்சம் இருந்தாள்.

அந்தப் புதிதில்தான் முதல் விமானத்தை வாங்கினார்கள். அன்றைக்கு அவர் விமானத்துக்கு எதிரே, மூஞ்சிக்கு மூஞ்சி நின்று சோதித்தார். எல்லாம் சரி என்று அவரே சான்றிதழும் கொடுத்துக்கொண்டார். பின்னால் நின்றவள் கேட்டாள்: "நீங்க வலது பக்கம் திருப்பினா அது இடது பக்கம்ல திரும்புது?"

"எனக்கே டிரைவிங் சொல்லித் தர்றியா?"

விமானம் ஜம்மென்று கிளம்பியது. அவர் வலது என்றார், அது இடது என்றது. நேராகப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் மோதி இரண்டாகியது.

சாப்பாட்டு மேஜையில் இறக்கையைப் பரப்பிப் பசை போட்டு ஒட்டினார்கள். அது காயும்வரை இருவரும் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். "எனக்கே சொல்லித் தர்றியா" என்று அவள் அவர் குரலில் சொல்லிக் காட்ட, இருவருக்கும் புரை ஏறியது.

விமானம் நம்மைப் பார்த்து வரும்போது இடம் வலம் மாறிவிடும். எதிரே வருகிற பஸ்ஸை இங்கிருந்தே ஓட்டுகிற வித்தை அது. அதில் அவர் திணறோ திணறு என்று திணறினார். அவள்தான் வழி சொன்னாள்: உள்ளே நீங்க உட்கார்ந்திருக்கிறதா நினைச்சுக்கோங்க, பின் சீட்டில் நான் இருக்கேன்.

அன்றிலிருந்து அவள் கண்டக்டர். சோதனை முடிந்ததும் "போலாம் ரைட்!" என்று அவள் குரல் கொடுத்தால்தான் வண்டி கிளம்பும்.

அந்த நினைப்பிலேயே சிரித்துக்கொண்டு நடந்தவர், நின்று கையைத் தூக்கினார்.

"ஆடுதுங்க!"

டிரைவர் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். ஒன்று மேலே இருந்தது. இன்னொன்று ரிமோட்டின் வாரைப் பிடித்திருந்தது. குச்சியில் ஒரு விரல்கூட இல்லை.

காற்றில் தானாக ஆடியிருக்குமோ?

ரிமோட்டைக் கழுத்தில் தொங்கவிட்டார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இப்ப?"

"ஆடுது, ஆடுது! எத்தனை தடவைதான் கேப்பீங்க? சூப்பரா ஆடுது!"

அப்படியென்றால் அவளுக்கும் கண் தெரியவில்லை.

சட்டைப் பொத்தான் தைக்கச் சொன்னபோதெல்லாம் அவள் "அப்புறம்" என்றது நினைவுக்கு வந்தது. ஊசியில் நூல் கோக்கத் தன்னைச் சொல்லிவிடப் போகிறாளே என்று பயந்து, அவரும் "அப்புறம், அப்புறம்" என்று நழுவியிருந்தார்.

போன ஞாயிறு "இன்னும் கொஞ்சம் வலது, அப்படியே இறக்குங்க" என்று அவள் சொல்லச் சொல்ல, தொட்டிலில் பிள்ளையைப் போடுகிற மாதிரி விமானம் இறங்கியது. அதை அவர் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. மோட்டார் சத்தத்தைக் காதில் வாங்கியே கூட்டிவந்திருக்கிறாள். பின்னே யார்தான் பார்த்தது?

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. பாவி, நீயுமா!

திரும்பி நடந்து வந்தார். அவள் முகத்தை நிமிர்த்தி, அவருக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குக் காத்து ஜாஸ்தியா இருக்கு. வேணாம்" என்றார்.

அடக்கி வைத்திருந்த மூச்சை அவள் விட்டாள். "நானும் அதையேதான் சொல்ல வாயெடுத்தேன். பயங்கரக் காத்து."

மைதானத்தில் ஒரு புல்லும் அசையவில்லை.

அவர் விமானத்தின் பேட்டரியைக் கழற்றினார். ரிமோட்டை அணைத்தார். எழுந்திருக்க அவளுக்குக் கையைக் கொடுத்தார். பிடித்த கையை அவள் விடவில்லை.

"அடுத்த வாரமும் இதே மாதிரி காத்து அடிச்சா?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"அடிக்கட்டுமே. வந்து உக்காந்துட்டுப் போவோம்."