மார்க்கண்டரின் கார் வெளிக்கிட்டது

ஐந்து வருசமாக முகம் பாராத பக்கத்து வளவு இளையதம்பி, கையில் வெற்றிலைத் தட்டத்தோடு படலையைத் திறந்துகொண்டு வந்தார். மார்க்கண்டர் பாதி முகம் வழித்தபடி எழுந்து நின்றார்.

"அண்ணை, பழசை மறப்பம்," என்றார் இளையதம்பி. "ஆவணியிலை என்ரை மகள் பாலேஸ்வரிக்குக் கலியாணம். மாப்பிள்ளை கரவெட்டிப் பக்கம். அதுக்கு முன்னம் உங்கடை கார் ஒருக்கா வெளியிலை வந்தால் எனக்குப் பெரிய உதவி. திருத்திற செலவு என்ரை."

மார்க்கண்டர் மிச்சப் பாதியை வழிக்க மறந்துபோனார்.

மலாயாவில் ரயில்வே உத்தியோகம் பார்த்துவிட்டு 1930இல் ஊர் திரும்பியபோது வாங்கிய கார் அது. மூன்று மாதம் ஓடியது. பிறகு ஒருநாள் பிள்ளையார் கோவில் கேணியில் இரண்டு படி இறங்கி நின்றது. அன்றைக்குக் கொட்டிலுக்குள் போனதுதான். ஒன்பது வருசமாகப் பின்சீட்டில் கோழிகள் முட்டையிட்டு வந்தன.

"கேணிக்காரர்" என்று ஊர் வைத்த பெயர் மட்டும் வெளியே உலாவியது. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், மலாயாக் கோட்டுப் போட்டுக்கொண்டு, ஊர் பார்க்க ஒருமுறை போய்வந்தால் அந்தப் பெயர் தொலையும் என்று மார்க்கண்டர் கணக்குப் போட்டார்.

"உந்த மனிசன் ஐஞ்சு வருசத்துக்கு முன்னம் உங்களுக்கு எதிராய் ஊர்த் தலைமை விதானையாரிட்டை முறைப்பாட்டோடை போனவர்," என்றாள் மனைவி இரத்தினம்மா.

"ருசு இல்லாமல் திரும்பி வந்தவரும் உவர்தான். இப்ப புத்தி வந்திட்டுது."

பட்டினத்திலிருந்து மோட்டார் வேலைக்காரன் சந்தியோகு வந்தான். பெற்றோல் தாங்கியிலிருந்து துருவையும், புகைக்குழாயிலிருந்து ஒரு எலிக் குடும்பத்தையும் வெளியேற்றினான். இறுகிக் கிடந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி மூன்று நாள் ஊறவிட்டான். நான்கு சில்லுக்கும் புது ரயர் போட்டான்.

இளையதம்பி பின்னேரம் தவறாமல் வந்து பார்த்தார். எஞ்சின் பக்கம் மட்டும் எட்டியும் பார்க்கவில்லை.

"மட்காட் நாலும் நெளிஞ்சு கிடக்கு, ஐயா," என்றான் சந்தியோகு. "கழட்டிக்கொண்டு போய்த் தட்டி எடுக்கட்டே?"

"கழட்டாதை. அது இருந்தபடி இருக்கட்டும். சில்லு உருண்டால் எனக்குப் போதும்," என்றார் இளையதம்பி.

"செலவுக்குப் பயப்பிடுறார்," என்று மார்க்கண்டர் சந்தியோகுவின் காதுக்குள் சொன்னார். மார்க்கண்டரும் காசில் கெட்டிதான். ஆனால் படலையிலிருந்து தெருவுக்குப் போகும் ஒழுங்கையின் வலப்பக்கம் ஓடும் தன் தோட்டவேலிக்கு மட்டும் கை தாராளம். வருசம் தவறாமல் ஆள் பிடித்து, புதுக் கதியால் நட்டு, புது ஓலை வைத்து அடைப்பார். இடப்பக்கத்து மதில் இளையதம்பியுடையது. அதற்குச் சுண்ணாம்பு பூசிக்கூடப் பல வருசம்.

ஆடி மாசக் கடைசியில் நல்ல நாள் பார்த்தார்கள். நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார்கள். முதல் ஓட்டத்துக்கு இளையதம்பி விதானையாரையே கூட்டி வந்திருந்தார்.

"முட்டை கிடக்கோ எண்டு பாத்து இருங்கோ," என்றாள் இரத்தினம்மா. விதானையார் தடவிப் பார்த்துவிட்டுப் பின்சீட்டில் இருந்தார்.

சந்தியோகு கைபிடியை நாலாவது முறை சுழற்றியபோது எஞ்சின் இருமி, புகை தள்ளி, ஓடத் தொடங்கியது. கோழிகள் கிணற்றடிக்குப் பறந்தன. கூரையை மடித்துவிட்ட கார், கோட்டுப் போட்ட மார்க்கண்டரோடு, சந்தியோகு ஓட்ட, படலையைத் தாண்டியது. இளையதம்பி பின்னால் நடந்து வந்தார்.

"ஐயா, ஒடுக்கமாய்க் கிடக்கு," என்றான் சந்தியோகு.

"நீ காரை விடு. நான் ஓட்டின ஒழுங்கை," என்ற மார்க்கண்டர் பின்னால் திரும்பினார். "விதானையார், கார் வாங்கின அண்டைக்கு இதாலை நானே கொண்டு வந்தனான். ரண்டு பக்கமும் ஒவ்வொரு முழம் மிச்சம் கிடந்தது."

பத்தடி போனதும் நறுக்கென்று ஒரு சத்தம். இடது மட்காட் மதிலில் உரசி நின்றது. வலது மட்காட் வேலிக்குள் புதைந்தது. கதவு இரண்டும் திறபடவில்லை.

சந்தியோகு எஞ்சினை நிற்பாட்டினான். "ஊறப் போட்டது எஞ்சினை மட்டும்தான், ஐயா. கார் பெருக்கேல்லை."

"மதில் முன்னுக்கு வந்திட்டுது," என்றார் மார்க்கண்டர்.

விதானையார் வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு காரின் பின்பக்கத்தால் இறங்கினார். மதில் தூணில் பதித்திருந்த வருசத்தைத் தடவி வாசித்தார். "1924. மதில் நடக்காது, மார்க்கண்டர்."

பிறகு வேலி ஓலையை விலக்கிப் பார்த்தார். இரண்டு முழம் உள்ளே, பழைய வேலியின் பூவரசங்கட்டைகள் வரிசை பிசகாமல் நின்றன.

"ஐஞ்சு வருசத்துக்கு முன்னம் ருசு கேட்டன்," என்று அவர் இளையதம்பியிடம் சொன்னார். "இப்ப இது போதும். நாளைக்கே வேலியைப் பழைய இடத்துக்கு எடுப்பிக்கிறன்."

மார்க்கண்டர் காரை விட்டு இறங்கவில்லை. விதானையாரைப் போலப் பின்பக்கத்தால் ஏறி இறங்கக் கோட்டு விடவில்லை. கோட்டுப் பொத்தானைத் திருகியபடி இளையதம்பியைப் பார்த்தார்.

"வேலிக் கதை பிறகு கிடக்கட்டும். மாப்பிள்ளையைக் கூட்டிவர இந்தக் கார் வேணுமெல்லோ?"

இளையதம்பி தோளில் கிடந்த சால்வையை எடுத்து, நெளிந்த மட்காட்டை அன்பாகத் துடைத்துவிட்டார்.

"மாப்பிள்ளையிட்டைக் கார் இருக்குது, அண்ணை. எங்களிட்டை ஒழுங்கைதான் இல்லை."