அடுத்த ஆள்

சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு அவன் கதவைத் தட்டினான்.

"உள்ளே வரலாமா சார்?"

மேனேஜர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இன்டர்வியூவுக்கே லேட்டா? உட்காருங்க."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். இதே அறையில் எத்தனையோ தடவை கோட்டைவிட்டிருக்கிறான். இன்றைக்காவது தேறிவிட வேண்டும்.

"முன் அனுபவம் இருக்கா?"

"சொந்தமா கம்பெனி நடத்தறேன் சார். முன்னூறு பேர் வேலை பாக்கறாங்க."

"அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?"

"உங்ககிட்ட வேலை பாக்கணும்னு சின்ன வயசிலிருந்தே ஆசை சார்."

மேனேஜர் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"நல்லது. அப்பா என்ன பண்றார்?"

தயங்கினான். பிறகு வருவது வரட்டும் என்று சொல்லிவிட்டான்.

"இதோ, எனக்கு இன்டர்வியூ எடுத்துக்கிட்டிருக்கார்."

மேனேஜருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஓ, உறவு சொல்லிக்கிட்டு வேலை கேக்கறீங்களா? சிபாரிசுன்னாலே எனக்கு ஆகாது. கிளம்புங்க! அடுத்த ஆளை வரச் சொல்லுங்க!"

படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தவன் வாய்விட்டுச் சிரித்தான். மறதி நோய் அப்பாவிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டது. நிஜமாகவே மேனேஜராக இருந்தபோது, பெற்ற மகனுக்கே வேலை தர மறுத்த அந்தக் கறாரை மட்டும் அதனால் அசைக்க முடியவில்லை.

மாத்திரையும் தண்ணீருமாகக் காத்திருந்தாள் மனைவி. "இன்னிக்கும் ஊத்திக்கிச்சா?"

"ஆமா. உனக்கு மட்டும் எப்படி தினமும் வேலை குடுக்கறார்?"

"நானெல்லாம் சிபாரிசு இல்லாம திறமையில வந்தவ" என்றபடி மருமகள் கதவைத் தட்டினாள்.