அரை மாத்திரைப் பரம்பரை

"என் சர்க்கரை அரச பரம்பரைச் சர்க்கரை, டாக்டரம்மா! அரை மாத்திரையைத் தூரத்துல காட்டினாலே பயந்து ஒளிஞ்சுக்கும். எங்கம்மாவுக்கும் அப்படித்தான்!"

சர்க்கரை நோய் ஆய்வுப் பிரிவில் உட்கார்ந்து, ஓய்வுபெற்ற தபால்காரர் அளந்துகொண்டிருந்தார். பக்கத்தில் மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"டாக்டர், இவர் சொல்றதுல முக்கால்வாசியைக் கழிச்சுடுங்க."

டாக்டரோ பரபரப்பாகிவிட்டார். "நிஜமாவே அரை மாத்திரையா? எத்தனை வயசுல சர்க்கரை வந்துச்சு?"

"இருபத்திரண்டு! அப்ப நான் ஒல்லிக்குச்சி. அம்மாவுக்கு அதுக்கும் முன்னாடி."

டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்தார். "வழிவழியா, இள வயசுல, இத்தனூண்டு மருந்துக்கே அடங்குற சர்க்கரை! இது ஒரே ஒரு மரபணுவால வர்ற வேற வகையா இருக்கலாம். அப்படி இருந்தா இன்சுலின் ஊசியையே நிறுத்திட்டு மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம். உடனே ரத்தம் எடுக்கணும்."

தபால்காரர் சட்டைக்கையை மடித்துவிட்டார். "ஒரு குடம் எடுத்துக்குங்க!"

"உங்களுக்கு அப்புறம் பார்க்கலாம் சார். முதல்ல உங்க மகளுக்கு. இங்க நோயாளி அவங்கதானே?"

பதினைந்து வருடமாகத் தினமும் நான்கு ஊசி போட்டுக்கொள்ளும் மகள், மெல்லக் கையை நீட்டினாள்.

பரிசோதனை முடிவு டாக்டர் சொன்னபடியே வந்தது. அவர் கண்காணிப்பிலேயே ஊசி படிப்படியாகக் குறைந்தது. இரண்டு மாதம் கழித்து மகள் போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, ஊசியை நிறுத்தி இன்னையோட பத்து நாளாச்சு. சர்க்கரை சரியா இருக்கு."

"எத்தனை மாத்திரை?"

அவள் சிரித்தாள்.

"அரைதான்பா. நீங்க சொன்னதுல எதையும் கழிக்க வேண்டாம்."