ஒரு நொடி தாமதம்

"கட்டையை அமுக்கினா ஒரு தடவை சத்தம் வரணும். இது உடனே ஒரு தடவை வருது, நான் மூக்கைச் சொறிஞ்சு முடிச்சதும் இன்னொரு தடவை வருது," என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

"நீங்க பார்க்கிற லிஃப்ட்ல பட்டனை அமுக்கினா பத்து நிமிஷம் கழிச்சு வருது. அதை மட்டும் நல்லா ஓடுதுன்னு எழுதிக் கொடுக்கறீங்க," என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை காலை மணி ஒன்பதரை. சின்ன அறை முழுக்க வயர். மேசையில் சின்தசைசர் என்கிற மின் கீபோர்டு, லேப்டாப், சத்தத்தை அதற்குள் அனுப்பும் இரண்டு சவுண்ட் கார்டுகள். சுவரை ஒட்டி இரண்டு ஸ்பீக்கர்கள். அறைக்கு வெளியே, வழியை அடைத்துக்கொண்டு புது வாஷிங் மெஷின்.

மனைவியோடு போட்ட ஒப்பந்தம் இதுதான். மெத்தைக் கடை விளம்பரத்துக்கு எட்டே சுரம் கொண்ட ஒரு மெட்டை மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினால் அறை அவருக்கு. இல்லாவிட்டால் வாஷிங் மெஷினுக்கு. ஆறு மாதமாக அந்த அறையிலிருந்து ஒரு சுரம்கூட வெளியே போனதில்லை என்பதால், மனைவி மெஷினின் அட்டைப்பெட்டியை ஏற்கெனவே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள்.

"மெதுவா வாசிங்க. பக்கத்து வீட்டு பல் டாக்டரம்மாவுக்கு இன்னிக்கு ஒருநாள்தான் லீவு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மெக்கானிக், சின்தசைசர் விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"சத்தம் ரெண்டு வழியா வருது சார். நேரா ஒண்ணு, ரெண்டாவது கார்டுக்குள்ள புகுந்து சுத்திக்கிட்டு ஒண்ணு. ஹெட்போன்ல கேட்டுப் பாருங்க."

"போன வாரம் மச்சான் அது மேல உட்கார்ந்துட்டார்."

"சரி, பதிவு பண்ணதைப் போட்டுக் கேட்டீங்களா?"

"அதுலயும் அதே கதைதான். ஒன்பது மணிக்கே முதல் தடவை பதிவு பண்ணிட்டேன். போட்டுக் கேட்டா ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை வருது."

"அப்ப பஃபர்தான் சார். சத்தத்தைச் சேர்த்து வெச்சு அனுப்புற அளவு. ஐந்நூத்திப் பன்னிரண்டுல இருக்கும். பாதியாக்குங்க."

பாதியாக்கினார். மெட்டை இருபது தடவை வாசித்தார். தாமதம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

"குறையுது. ஆனா ரெண்டாவதா வர்றதுல அஞ்சாவது சுரம் தப்பா வருது."

"பழைய கார்டு சார். வயசானா அப்படித்தான்."

மதியத்துக்குள் முதல் கார்டின் வயரை இரண்டாவதிலும், இரண்டாவதின் வயரை முதலாவதிலும் மாற்றிச் செருகினார். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. பஃபரை மறுபடி பாதியாக்கி, மெட்டை மறுபடி முப்பது தடவை வாசித்தார். தாமதம் அரை நொடியானது. மூன்று மணிக்குக் கால் நொடி. ஐந்தாவது சுரமும் தானாகவே சரியானது. இயந்திரம் என்றாலும் நாம் காட்டும் அக்கறை அதற்குப் புரியும் என்று அவர் நம்ப ஆரம்பித்தார்.

ஐந்தரை மணிக்கு மனைவியைக் கூப்பிட்டார்.

"இப்போ கேளு."

வாசித்தார். எட்டு சுரமும் விரலோடு விரலாக, ஒட்டிப் பிறந்த மாதிரி வந்தன. மனைவி வாஷிங் மெஷினைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

"இன்னொரு தடவை கேளு," என்று விரலைத் தூக்கினார்.

விரல் இறங்குவதற்கு முன்பே முதல் சுரம் கேட்டது.

மெக்கானிக் தூக்கிய விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். போனை எடுத்தார்.

"அண்ணே, நான் அமுக்குறதுக்கு முன்னாடியே சத்தம் வருது."

"பஃபரை ரொம்பக் குறைச்சிட்டீங்க சார். கொஞ்சம் ஏத்துங்க," என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் போனை வைத்துவிட்டார்.

ஏற்றினார். அப்போதும் முந்திக்கொண்டுதான் வந்தது. முதல் கார்டைப் பிடுங்கினார். வந்தது. இரண்டாவதைப் பிடுங்கினார். வந்தது. சின்தசைசரை அணைத்து, ஸ்பீக்கர் வயர்களையும் உருவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எட்டு சுரமும் பிசகில்லாமல் வந்தன.

"வயரே இல்லாம வருதே, அப்புறம் இத்தனை வயர் எதுக்கு வாங்கினீங்க?" என்றாள் மனைவி.

இசை நின்றது. சற்று நேரத்தில் அழைப்பு மணி அடித்தது.

வாசலில் பல் டாக்டரம்மா. கலைந்த தலை, சந்தோஷத்தில் சிவந்த முகம்.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க? நாலு மாசமா கீபோர்டு வகுப்புக்குப் போறேன், ஒரு வரி உருப்பட்டதில்லை. நீங்க சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே வரியை நாள் முழுக்க எனக்காகத் திரும்பத் திரும்ப வாசிச்சீங்க. நானும் என் கீபோர்டுல கூடவே வாசிச்சேன். காலையில உங்க பின்னாடி ஒரு நொடி தள்ளி ஓடி வந்தேன், இப்ப உங்களையே முந்திட்டேன்."

மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஐந்து ஐம்பத்தெட்டு.

"அப்போ நீங்க ஒன்பது மணிக்குப் பதிவு பண்ணதுல ஒரு குறையும் இல்ல, காலையிலயே உங்க வேலை முடிஞ்சிருக்கு. அதை அனுப்பிட்டு வந்து மெஷினை ஒரு கை பிடிங்க, பாத்ரூம்லயே வெச்சுடலாம்," என்றாள்.