வாசலில் நிற்கும் பச்சைப் புள்ளிகள்

ஆய்வுக்கூடத்தின் நுண்ணோக்கி அறையில் விளக்கை அணைத்திருக்கிறார்கள். திரையில் ஒரு நீல வட்டம். அதன் விளிம்பை ஒட்டி, உள்பக்கமாகப் பச்சைப் புள்ளிகள் குவிந்து கிடக்கின்றன. போன மழைக்காலத்தில் இறந்துபோன மகளின் தோலிலிருந்து எடுத்து வளர்த்த செல் அது. தாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொள்கிறாள். பக்கத்தில் இருக்கும் நாத்தனார் இங்கே வேலை பார்ப்பவள்.

“நீலம்தான் உட்கரு, அண்ணி. பச்சையெல்லாம் ஆர்.என்.ஏ. அவளுக்கு இல்லாமப் போன புரதத்தைச் செய்யச் சொல்ற சேதி. துண்டு துண்டா ஒட்டித்தான் அது தயாராகும். ஒரு இடத்துல ஒட்டு மாறிப்போச்சு. உட்கருவ விட்டு வெளிய போற வாசல்லயே செல்லு அதைச் சோதிச்சு நிறுத்தி வச்சிருக்கு.”

“ஒண்ணைக்கூடவா விடல?”

“ஏதோ ஒண்ணு ரெண்டு தப்பியிருக்கும். மத்தபடி உங்களைவிடக் கறார்.”

சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். பள்ளிக்கு ஓடும் மகளைத் தினமும் வாசற்படியில் மடக்கி, மாற்றிப் போட்ட சட்டைப் பொத்தான்களை அவிழ்த்துச் சரியாகப் போட்ட பிறகுதான் தாய் வெளியே விடுவாள்.

“கோணலாவே போயிருந்தா, அரைகுறையாவாவது வேலை செஞ்சிருக்குமா?”

“செஞ்சிருக்கும்னுதான் நினைக்கிறோம்.”

தாய் மறுபடியும் திரையைப் பார்க்கிறாள். புள்ளிகள் அசையவில்லை. நாத்தனார் எழுந்து விளக்கைப் போடுகிறாள். அவளுடைய வெள்ளை அங்கியில் பொத்தான் துளை மாறி, கழுத்தருகே ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கிறது. தாயின் கை தன்போக்கில் அங்கே போகிறது. பொத்தானைத் தொட்டதும் நின்றுவிடுகிறது.

“இருக்கட்டும்,” என்கிறாள். “அப்படியே போ.”